வார் பிடித்த கையும் கைப்பந்தும்

வாசகர் கேள்வி: என் கணவர் படையின் மோப்ப நாய்ப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், புதைத்து வைத்த வெடிகுண்டுகளைத் தேடிச் சென்றபோது ஒன்று வெடித்ததில் அவருடைய நாய் அங்கேயே இறந்துவிட்டது. அவருக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. வலக் காதின் சவ்வு கிழிந்து, அந்தப் பக்கம் கேட்பது மிகவும் குறைந்துவிட்டது. செயற்கைக் கால் பொருத்தி வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறார், ஆனால் வெளியே வருவதில்லை. நாயைப் பற்றிப் பகலில் ஒரு சொல்லும் சொல்வதில்லை. தூக்கத்தில் மட்டும் "உட்கார்ந்தான், உட்கார்ந்தான்" என்கிறார். அதன் தோல் வாரைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார், யாரையும் தொட விடுவதில்லை. தாமும் ஒரு காலை இழந்த படைத் தோழர் ஒருவர், அமர்ந்து ஆடும் கைப்பந்துக் குழுவுக்கு வரும்படி மூன்று முறை அழைத்துவிட்டார். "ஒற்றைக் காலனுக்கு என்ன விளையாட்டு?" என்று மறுக்கிறார். நான் வற்புறுத்தலாமா? அவருக்கு எந்த விளையாட்டு ஏற்றது? ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

மறுவாழ்வு மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது காலைப் பற்றிய வரிகளை அல்ல, தூக்கத்தில் அவர் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான். வெடிமருந்தைத் தேடும் நாய்களுக்கு, வாசனை கிடைத்ததும் குரைக்காமல், மண்ணைப் பறிக்காமல், அந்த இடத்திலேயே உட்காரவோ படுக்கவோதான் கற்றுத் தருகிறார்கள். காலால் பறித்தால் குண்டு வெடித்துவிடும் என்பதே காரணம். ஆகவே "உட்கார்ந்தான்" என்பது உங்கள் கணவருடைய தொழிலில் "இங்கே குண்டு இருக்கிறது" என்று பொருள்படும் சொல். நாய் அன்று அடையாளம் காட்டியதா, தாம்தான் கவனிக்கத் தவறினோமா என்ற கேள்வியோடு அவர் இரண்டு ஆண்டுகளாகப் படுத்து எழுகிறார் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் விளையாட்டைப் பற்றி நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாயைக் கையாள்பவரின் வேலை நாயை நடத்திச் செல்வது மட்டுமன்று, அதன் உடலைப் படிப்பது. மூச்சு மாறுவது, வால் நிலைகொள்வது, தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்புவது, பிடித்திருக்கும் வாரில் இழுவை கூடுவது அல்லது தளர்வது ஆகிய அனைத்தையும், நாய் உட்காருவதற்கு முன்பே அவர் உணர்ந்துவிட வேண்டும். காற்று எதிரே வீசினால் வாசனை மூக்குக்கு வரும், முதுகுப் பக்கமிருந்து வீசினால் எவ்வளவு தேர்ந்த நாயும் தாண்டிச் சென்றுவிடக்கூடும். இந்த விளக்கத்தைச் சொல்லி அவரைத் தேற்ற முயலாதீர்கள். உங்களையும் என்னையும் விட அவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனம் ஒப்பவில்லை என்பதுதான் அவருடைய துன்பம். காலோடு சேர்த்து, தம் கணிப்பின் மீது தமக்கிருந்த நம்பிக்கையையும் அவர் இழந்திருக்கிறார். பந்து வரும் திசையை ஒருவர் கணித்தாக வேண்டிய இடத்துக்குப் போக அவர் தயங்குவதில் எனக்கு வியப்பில்லை.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குற்ற உணர்வுக்கு விளையாட்டு மருந்தாகாது. அதற்கு, போர் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களோடு பழகிய உளவியல் மருத்துவரோ ஆலோசகரோ வேண்டும். விளையாட்டு அதன் கூடவே நடக்கலாம், அதற்குப் பதிலாக நடக்கக் கூடாது. தூக்கத்தில் பேசுவது, வெளியே வராமலிருப்பது, நாயைப் பற்றிப் பகலில் பேசாதிருப்பது ஆகியவற்றை நீங்கள் எனக்கு எழுதியபடியே ஒரு தாளில் எழுதி அந்த மருத்துவரிடம் கொடுங்கள். "நானும் அன்றே போயிருக்கலாம்" என்ற வகையில் அவர் எப்போதாவது பேசினாலோ, தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, விளையாட்டைப் பற்றிய எல்லாப் பேச்சையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

இனி, "ஒற்றைக் காலனுக்கு என்ன விளையாட்டு?" என்ற அவருடைய கேள்விக்கு வருகிறேன். அவர் கேலியாகக் கேட்டிருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு நேர்மையான பதில் உண்டு. இவ்வகை விளையாட்டுகள் மைதானத்தில் தொடங்கியதை விட, மருத்துவமனையில் தொடங்கின என்பதே சரி. ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் முதுகுத்தண்டு காயங்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் போரில் காயமுற்ற இளைஞர்கள்; படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்று மருத்துவ உலகமே கைவிட்டிருந்தவர்கள். குட்மன் அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், காயமுற்ற முன்னாள் படையினர் 16 பேர் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் பங்கேற்ற முதல் பாராலிம்பிக் போட்டிகள் அதிலிருந்து முளைத்தவைதான். காயமுற்ற படையினருக்கென்றே நடத்தப்படும் இன்விக்டஸ் போட்டிகள் 2014இல் லண்டனில் தொடங்கின. பாராலிம்பிக் போட்டிகளில் உடல், பார்வை, அறிவுத்திறன் ஆகிய குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள். இன்விக்டஸ் போட்டிகளிலோ, வெளியே தெரியாத மனக்காயம் உடையவர்களுக்கும் இடமுண்டு. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் பதக்கக் கதைகளை அவரிடம் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்கக் கடற்படையில் வெடிகுண்டு அகற்றும் பிரிவில் இருந்த பிராட் ஸ்னைடர், 2011 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்துப் பார்வையை இழந்து, சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில் லண்டன் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். இதைக் கேட்பவர்கள், "பார், ஓராண்டில் எழுந்துவிட்டார்!" என்பார்கள். காயத்துக்கு முன்பே அவர் கடற்படைக் கல்லூரி நீச்சல் அணியின் தலைவராக இருந்தவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இரண்டு ஆண்டுகளாக வீட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு இப்படிப்பட்ட கதை ஊக்கம் தராது, தாம் பின்தங்கிவிட்டதாகத்தான் தோன்றும். எனக்கு அதைவிடப் பயன்படுவது முரளிகாந்த் பேட்கரின் வாழ்க்கை. இந்தியப் படையில் குத்துச்சண்டை வீரராக இருந்த அவர் 1965 போரில் பல குண்டுகள் பாய்ந்து, ஒன்று முதுகுத்தண்டில் தங்க, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். குத்துச்சண்டைக்கு அவர் திரும்பவில்லை, திரும்ப முடியாது. நீச்சலுக்கு மாறினார், 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் போட்டியில் தங்கம் வென்றார். நான் கவனிப்பது தங்கத்தை அல்ல, இடையிலுள்ள ஏழு ஆண்டுகளையும் விளையாட்டை மாற்றிக்கொண்டதையும்தான். உங்கள் கணவர் முன்பு ஓட்டத்திலோ கால்பந்திலோ தேர்ந்தவராக இருந்திருந்தால், அங்கே தொடங்க வேண்டாம். இன்றைய உடலைப் பழைய உடலோடு ஒப்பிட வழியே இல்லாத, அவர் முன்பு தொடாத ஒரு விளையாட்டில் தொடங்குவது நல்லது.

அந்த வகையில், தோழர் அழைத்திருக்கும் அமர்ந்து ஆடும் கைப்பந்து மிகப் பொருத்தமான அழைப்பு என்றே கருதுகிறேன். அந்த ஆட்டத்தில் எல்லோரும் தரையில் இருப்பார்கள். பந்தைத் தொடும் நேரத்தில் இடுப்போ உடலின் மேற்பகுதியோ தரையைத் தொட்டிருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. மைதானம் 10 மீட்டருக்கு 6 மீட்டர்தான். ஆண்கள் ஆடும் வலையின் உயரம் 1.15 மீட்டர். பெரும்பாலும் செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஆடுவார்கள். சுவரோரம் காலணிகளைப் போல வரிசையாக நிற்கும் அந்தக் கால்களை முதன்முதலில் பார்ப்பவருக்கு, தம் காலை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். நகர்வதற்குக் கைகளையே ஊன்ற வேண்டும், அதே கைகளால்தான் பந்தையும் தொட வேண்டும். ஆகவே பந்து எங்கே வரும் என்பதை எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து முன்கூட்டியே கணித்தவர்தான் அந்த ஆட்டத்தில் பிழைப்பார். கால் வேகமோ உயரமோ அங்கே அவ்வளவாக உதவாது. ஒன்பது ஆண்டுகள் ஒரு நாயின் தோளையும் கழுத்தையும் படித்த கண்ணுக்கு இது அந்நியமான வேலை அன்று. இதை நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டாம். அவர் ஆடும்போது தாமே கண்டுகொள்ளட்டும்.

வலக் காது கேட்காதது இங்கே ஒரு சிறு சிக்கல். ஆட்டத்தில் "எனக்கு", "விடு" என்று கூவிக்கொண்டே இருப்பார்கள். வலையைப் பார்த்து அமரும்போது மைதானத்தின் வலப்புற ஓரத்தில் அவரை வைத்தால், அணியினர் அனைவரும் அவருக்கு இடப்பக்கம், அதாவது நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் அமைவார்கள். ஆட்டத்தில் இடம் மாறி மாறி வரும் என்றாலும், பழகும் வரை பயிற்சியில் இப்படி வைக்கலாம். தோழரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், கூப்பிட்டும் அவர் திரும்பாததை அலட்சியம் என்று யாராவது எண்ணிவிடுவார்கள்.

மற்ற விளையாட்டுகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். படையில் இருந்தவர் ஆயிற்றே என்று துப்பாக்கி சுடும் போட்டியை முதலில் பரிந்துரைக்கப் பலர் முன்வருவார்கள். வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடக்கூடியவருக்கு அது இப்போது வேண்டாம். காற்றழுத்தத் துப்பாக்கியின் சத்தம் குறைவுதான், ஆனால் அடுத்த கூடத்தில் வேறு என்ன சுடுகிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அந்த அமைதியும் மூச்சுக் கட்டுப்பாடும் வில்வித்தையில் சத்தமில்லாமலே கிடைக்கின்றன. நின்றும் எய்யலாம், கால் சோர்ந்தால் முக்காலியில் அமர்ந்தும் எய்யலாம். நீச்சல் நல்லதுதான், ஆனால் உங்கள் கணவருக்கு அதில் ஒரு கட்டாய நிபந்தனை உண்டு: கிழிந்த காதுச் சவ்வு முழுவதும் மூடியிருக்கிறது என்று காது மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை தலையை நீரில் அமிழ்த்தக் கூடாது. வெடிப்பில் தலைக்கு அதிர்ச்சி ஏற்பட்டு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், துணையின்றி நீரில் இறங்கவே கூடாது. குளக்கரையின் ஈரத்தரையில் ஒற்றைக் காலில் தத்திச் செல்வது நீச்சலை விட ஆபத்தானது. ஊன்றுகோலோ நாற்காலியோ நீரின் விளிம்பு வரை இருக்க வேண்டும். வெளியே போகவே மனமில்லாத நாள்களுக்கு வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய துடுப்புப் பயிற்சி இயந்திரம் உதவும். அதை நான் இடைக்கால ஏற்பாடாகத்தான் சொல்கிறேன், ஏனெனில் அது அவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும். தலையில் அதிர்ச்சி பட்டிருக்கிறதா என்பது தெளிவாகும் வரை, சக்கர நாற்காலி ரக்பி போன்ற மோதல் ஆட்டங்களின் பக்கம் போக வேண்டாம்.

எந்த விளையாட்டானாலும், எஞ்சிய காலின் தோலைக் கவனிப்பதுதான் முதல் பயிற்சி. அந்தப் பகுதி நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் சற்று வீங்கியும் மாலையில் சுருங்கியும் இருக்கும், உழைப்பில் இன்னும் மாறும். சுருங்கும்போது செயற்கைக் காலின் குழிவுக்குள் அது மேலும் கீழும் உராயத் தொடங்கும். அப்போது எஞ்சிய காலின் மேல் அணியும் துணி உறையில் இன்னொன்றைச் சேர்த்துப் போட வேண்டும். முதல் சில வாரங்களில், 20 நிமிடம் நடந்த பின் அல்லது பயிற்சி செய்த பின் செயற்கைக் காலைக் கழற்றித் தோலைப் பாருங்கள். அடிப்பக்கம் தெரிவதற்குக் கைக்கண்ணாடி வேண்டும். சிவந்திருப்பது இயல்பு, அந்தச் சிவப்பு 15 நிமிடத்துக்குள் மறையாவிட்டால் குழிவின் அளவைச் சரிபார்க்கச் செய்ய வேண்டும், அதுவரை அந்தக் காலில் பயிற்சி கூடாது. வெடிப்பில் சிதைந்த கால்களில் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து முள்ளைப் போல் குத்துவதும் உண்டு. "எல்லாம் வலிக்கும்தான்" என்று பல்லைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் படையினருக்கு அதிகம். ஒரே இடத்தில் குத்தும் வலியை அவர் அப்படித் தாங்கிக்கொள்ள விடாதீர்கள். ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தால் விடை தெரிந்துவிடும்.

இல்லாத பாதத்தில் வலிப்பதாக அவர் உங்களிடம் இதுவரை சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னால் பைத்தியம் என்று எண்ணுவார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். காலை இழந்தவர்களில் மிகப் பலருக்கு அந்த வலி உண்டு, அது கற்பனையன்று. நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு எளிய கண்ணாடியைக் கொண்டு இதற்கு ஒரு சிகிச்சை முறையைக் காட்டினார்: இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நலமான காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை அசைக்கும்போது, இழந்த கால் அசைவதாக மூளை ஏற்றுக்கொள்கிறது, சிலருக்கு வலி கணிசமாகத் தணிகிறது. எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு முயன்று பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. அவரே கேட்கத் தயங்கினால் நீங்கள் கேளுங்கள்.

நாய்க்குட்டியைப் பற்றி என் கருத்து: இப்போது வேண்டாம், அதிலும் யாருக்கும் சொல்லாமல் பரிசாகக் கொண்டுவந்து நிறுத்தவே வேண்டாம். "அது போனால் இது" என்று அந்தப் பரிசு அவருக்குக் கேட்கும். உங்கள் கடிதத்தில் நீங்கள் நாயை "அது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தூக்கத்தில்கூட "உட்கார்ந்தான்" என்றுதான் சொல்கிறார். அந்தச் சிறு வேறுபாட்டில் இருக்கும் உறவுக்கு முதலில் ஒரு துக்கம் தேவைப்படுகிறது, அதை அவர் இன்னும் தொடங்கவில்லை. உடலைப் பொறுத்தும் ஒரு காரணம் உண்டு. நாய் நடத்துபவரின் இடப்பக்கம் நடப்பதுதான் வழக்கமான பயிற்சி, அவர் இழந்திருப்பதும் இடக்காலையே. பழக்கமில்லாத குட்டி அந்தப் பக்கம் சட்டென்று இழுத்தால் செயற்கைக் கால் வழுக்கிவிடும். பின்னாளில் அவரே விரும்பி நாய் வளர்க்க முன்வந்தால், வலப்பக்கம் நடக்கப் பழக்கிக்கொள்வார்; அதை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சக்கர நாற்காலியிலும் செயற்கைக் காலிலும் இருந்தபடி நாய்களைத் தடைதாண்டும் ஓட்டத்தில் வழிநடத்தும் விளையாட்டும் இருக்கிறது. அவர் அதைத் தாமாகவே தேடிக் கண்டுபிடிக்கும் நாள் வந்தால் மகிழ்வேன்.

அதற்கு முன் இன்னொன்று அவருக்குப் பிடிக்கக்கூடும். பார்வையற்ற ஓட்டக்காரர்கள் ஒரு துணை ஓட்டக்காரரோடு சேர்ந்து ஓடுவார்கள். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைக்கும், உலகப் போட்டிகளின் விதிப்படி அதன் நீளம் 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. துணைவர் இழுக்கவோ தள்ளவோ கூடாது. கயிற்றின் தளர்விலும் இறுக்கத்திலும்தான் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். போட்டியில் ஓட உங்கள் கணவருக்கு இன்னும் நெடுநாள் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் பார்வையற்ற ஒருவருக்கு மாலை நடையில் துணையாகக் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அவரைவிடத் தகுதியானவர் அந்த வட்டாரத்தில் இருப்பாரா என்பது ஐயமே. செயற்கைக் காலில் சீரற்ற தரையிலும் உறுதியாக நடக்க முடிகிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு இதைப் பேச்சில் எடுங்கள். இதை நாய்க்கு மனிதரை ஈடாக வைக்கும் பேச்சாக அவர் கொள்ளாதபடி, வாரைப் பற்றிய குறிப்பே இல்லாமல் எடுங்கள்.

வற்புறுத்தலாமா என்று கேட்டீர்கள். வற்புறுத்தாதீர்கள், அதே சமயம், கேட்பதை நிறுத்தவும் வேண்டாம். மூன்று முறை மறுத்தவரிடம் நான்காவது முறையும் "ஆட வா" என்று கேட்டால் அதே பதில்தான் வரும். தோழரிடம் கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். "எங்கள் அணியில் புதிதாக வந்த பையன் ஒருவன் பந்தை எந்தப் பக்கம் அடிக்கப் போகிறான் என்பது எங்களுக்கே தெரிவதில்லை. வந்து ஒரு மணி நேரம் பார்த்துச் சொல்" என்று அவர் கேட்கட்டும். அது பொய்யாக இருக்கக் கூடாது. அப்படி ஒரு பையன் உண்மையிலேயே இருந்தால்தான் கேட்க வேண்டும், ஏனெனில் உங்கள் கணவர் உடல்மொழி படிப்பதைத் தொழிலாகச் செய்தவர், இரக்கத்துக்காகச் சொன்ன பொய்யை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். முதல் நாள் அவர் ஓரத்தில் அமர்ந்து பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பினாலும், வீட்டில் நீங்கள் எப்படி இருந்தது என்று துருவிக் கேட்காதீர்கள்.

வாரைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அது கதவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். எப்போது எடுப்பது, எங்கே வைப்பது என்பதை அவர் தீர்மானிப்பார். அவர் புறப்படும் நாளில் பையில் ஒரு துண்டும், கைக்கண்ணாடியும், காலுக்கான உறைகள் இரண்டு சோடி கூடுதலாகவும் வைத்து அனுப்புங்கள். ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் போகிறேன் என்று அவர் சொன்னாலும் வையுங்கள்.